ஜார்ஜ் டவுன் துறைமுகத்தில் சக படகுக்காரர்களோடு பழகுவது எப்படி?

பகாமாஸில் கிரேட் எக்ஸூமா தீவின் சின்னத் துறைமுக ஊர் ஜார்ஜ் டவுன். கடகரேகைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. குளிர்காலம் வந்துவிட்டால், பாய்மரப் படகிலேயே குடித்தனம் நடத்தும் வட அமெரிக்கர்கள் நூற்றுக்கணக்கில் வந்து இங்குள்ள எலிசபெத் துறைமுகத்தில் நங்கூரம் போடுவார்கள். கரீபியன் தீவுகளுக்கென்று கிளம்பி, இங்கேயே தங்கி, இங்கிருந்தே வீடு திரும்புகிறவர்கள் நிறைய. அதனால் ‘சிக்கன் ஹார்பர்’, அதாவது கோழைகளின் துறைமுகம், என்ற பட்டப்பெயரும் உண்டு. அவர்களைத் தங்கவைப்பது பயம் இல்லை, கிடைத்த சிநேகிதம்தான் என்று நான் நம்புகிறேன்.

நண்பரின் படகில் உதவிக்காக முதல்முறை வந்தபோது, மூன்று நாள் நாங்கள் யாரோடும் பேசவில்லை. சுற்றிலும் அத்தனை படகுகள் இருந்தும் ஒருவரும் வரவில்லை. அடுத்தவர் படகு அடுத்தவர் வீடு மாதிரி, அழைக்காமல் யாரும் வரமாட்டார்கள் என்பது பிறகுதான் புரிந்தது. முதல் அடியை வருகிறவர்தான் எடுத்துவைக்க வேண்டும். அதை எப்படி எடுத்துவைப்பது என்று பார்க்கலாம்.

படி 1: நங்கூரம் போடும் இடம்

ஊருக்கு எதிரே சுமார் ஒரு மைல் தள்ளி ஸ்டாக்கிங் தீவு நீண்டு கிடக்கிறது. வழக்கமாக வீசுவது கிழக்கிலிருந்து வரும் கொண்டல் காற்று, அதை இந்தத் தீவு மறித்துவிடும். ஆகவே பெரும்பாலான படகுகள் தீவை ஒட்டித்தான் நிற்கும். வாலிபால் பீச், மான்யுமென்ட் பீச், சாண்ட் டாலர் பீச் என்று மூன்று பக்கமும் கூட்டம் இருக்கும். புதியவர்களுக்கு வாலிபால் பீச் பக்கம் நல்லது, எல்லாரும் கூடுகிற கரை அது. நங்கூரத்தை இறக்கும்போது பக்கத்துப் படகு எவ்வளவு நங்கூரச் சங்கிலி விட்டிருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். காற்று திரும்பினால் இரண்டும் மோதாமல் இருக்க அது தேவை, பேச்சைத் தொடங்கவும் அதைவிட நல்ல வழி இல்லை.

படி 2: காலை 8 மணி, சேனல் 72

இந்தத் துறைமுகத்தின் திண்ணை என்றால் அது படகுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வி.எச்.எஃப் வானொலிதான். சீசனில் காலை 8 மணிக்கு சேனல் 72-ல் படகுக்காரர்களின் ‘நெட்’ என்கிற வானொலிக் கூட்டம் தொடங்கும். படகுக்காரர்களில் ஒருவரே அதை நடத்துவார். முதலில் அவசரச் செய்தி ஏதாவது உண்டா என்று கேட்பார். அப்புறம் வானிலை, ஊர்க் கடைகளின் அறிவிப்புகள், அன்றைய நிகழ்ச்சிகள், காணாமல் போன பொருள்கள், உதவி கேட்பவர்கள் என்று போகும். புதிதாக வந்தவர்கள் இருக்கிறார்களா என்றும் கேட்பார்கள்.

முதல் நாள் கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள், முறை பிடிபட்டுவிடும். மறுநாள் புதியவர்களை அழைக்கும்போது உங்கள் படகின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். அவர் உங்களைக் கூப்பிட்டதும் படகின் பெயர், உங்கள் பெயர், எங்கிருந்து வருகிறீர்கள் என்று மூன்றே வாக்கியத்தில் சொல்லுங்கள். தேவை ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் தண்ணீர் பம்புக்கு ஒரு ரப்பர் வளையம் வேண்டும் என்று நண்பர் சொன்னார். பத்து நிமிடத்தில் இரண்டு பேர் கொண்டுவந்து கொடுத்தார்கள். உதவி கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். கேட்டால்தான் மற்றவர்களுக்கும் உங்களிடம் வர ஒரு காரணம் கிடைக்கும்.

மற்ற நேரத்தில் ஒரு படகை அழைக்க இங்குள்ளவர்கள் சேனல் 68-ஐப் பயன்படுத்துகிறார்கள். கூப்பிடுகிற படகின் பெயரை இரண்டு தடவை சொல்லி, உங்கள் படகின் பெயரையும் சொல்லுங்கள். பதில் வந்ததும் வேறு சேனலுக்கு மாறிவிட வேண்டும். சேனல் 16 ஆபத்து அழைப்புக்கானது, அங்கே அரட்டை கூடாது. துறைமுகத்துக்குள் பேச 1 வாட் போதும், 25 வாட்டில் பேசினால் தூரத்தில் உள்ளவர்களுக்கும் இடைஞ்சல்.

படி 3: டிங்கியில் போய் வருவது

டிங்கி என்பது பெரிய படகிலிருந்து கரைக்குப் போய்வர உதவும் குட்டிப் படகு. இன்னொருவர் படகை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்து, சற்றுத் தள்ளி நின்று குரல் கொடுங்கள். அவர்கள் கயிற்றை வாங்கிக்கொண்டால்தான் ஏறலாம். காலணியைக் கழற்றிவிட்டு ஏறுவது மரியாதை. பெரும்பாலும் ஆளின் பெயரைவிடப் படகின் பெயர்தான் நினைவில் நிற்கும். அதனால் படகின் பெயர் போட்ட சிறு அட்டைகள் சில பையில் இருக்கட்டும்.

ஊருக்குள் போக ஒரு தாழ்ந்த பாலத்தின் அடியில் குறுகலான வாய்க்கால் இருக்கிறது. அதைக் கடந்தால் விக்டோரியா ஏரி, அங்கே மளிகைக் கடையின் டிங்கித் துறை. சீசனில் நெரிசலாக இருக்கும். கட்டுகிற கயிற்றை நீளமாக விடுங்கள், பின்னால் வருகிறவர்கள் நுழைய இடம் கிடைக்கும். மோட்டாரைத் தூக்கி வைக்காதீர்கள், அதன் விசிறி மற்றவர்களின் ரப்பர் டிங்கியைக் கிழித்துவிடும். அங்கே குடிதண்ணீர்க் குழாயும் உண்டு. வரிசையில் நிற்கிற அந்தக் கால் மணி நேரத்தில்தான் எங்களுக்கு முதல் நண்பர்கள் கிடைத்தார்கள்.

திரும்பும்போது கொண்டலை எதிர்த்து வர வேண்டும், நனையாமல் வரவே முடியாது. போன், ரொட்டி எல்லாவற்றையும் நீர் புகாத பையில் போடுங்கள். இருட்டிய பிறகு டிங்கியில் வெள்ளை விளக்கு கட்டாயம் வேண்டும்.

படி 4: கரையில்

வாலிபால் பீச்சில் மதியம் பந்து ஆடுவார்கள். நிழலில் சீட்டாட்டம் நடக்கும், கூடை பின்னச் சொல்லிக்கொடுப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனையும் உண்டு. ஆடத் தெரிய வேண்டும் என்பதில்லை. மாலையில் யாராவது தங்கள் படகுக்கு அழைத்தால், உங்களுக்கான பானத்தை நீங்களே எடுத்துக்கொண்டு, பகிர்ந்துகொள்ள ஒரு தட்டு தின்பண்டமும் கொண்டுபோங்கள்.

படி 5: ஊர்க்காரர்கள்

படகுக்காரர்களோடு மட்டும் பழகிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். பகாமாஸில் கடைக்குள் நுழைந்ததும் ‘குட் மார்னிங்’ சொல்லிவிட்டுத்தான் எதையும் கேட்க வேண்டும், நேரடியாக விலை கேட்பது மரியாதைக் குறைவு. ஏப்ரல் இறுதி வரை இருக்க முடிந்தால் இருங்கள். 1954-ல் தொடங்கிய தேசியப் படகுப் போட்டி அப்போதுதான் இங்கே நடக்கிறது. பல தீவுகளிலிருந்தும் பகாமாஸில் கட்டிய பாய்மரப் படகுகள் வரும். வெளியே நீட்டிய பலகையில் வரிசையாக உட்கார்ந்து ஆட்கள் படகைச் சாயாமல் பிடிப்பதைக் கரையில் ஊரே கத்திக்கொண்டு பார்க்கும். பக்கத்தில் நிற்பவரிடம் அவர் எந்தத் தீவு என்று கேளுங்கள்.

காற்று மாறும்போது

குளிர்காலத்தில் வடக்கிலிருந்து குளிர்முனை (முன்னேறி வரும் குளிர்காற்றின் விளிம்பு) வந்தால் காற்று தெற்கு, மேற்கு, வடக்கு என்று சுற்றும். மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும்போது ஸ்டாக்கிங் தீவுக் கரையில் மறைவு இருக்காது, பலர் ஊர்ப் பக்கம் நகர்வார்கள். யாருடைய நங்கூரமாவது இழுபட்டால் சேனல் 68-ல் சொல்லுங்கள், ஆளில்லாத படகாக இருந்தாலும் நாலு டிங்கி ஓடிவரும். உங்களுக்குப் பாதுகாப்பாகப் போக முடிந்தால் நீங்களும் போங்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள், எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று காலை நெட்டில் சொல்லிவிடுங்கள். அதே வழியில் போகிற படகு இருந்தால் சேர்ந்தே போகலாம்.