போலீஸைக் குறை சொன்னதற்காகக் கைதா? வழக்கைக் கெடுத்துவிடும் தவறுகள்

அமெரிக்காவில் போலீஸ்காரரை முகத்துக்கு நேராகவே குறை சொல்லலாம். பணியில் இருக்கும் போலீஸிடம் பேச்சால் குறுக்கிடுவதைக்கூட ஹூஸ்டன் நகரம் குற்றமாக்கி வைத்திருந்தது. 1987இல் உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்றது. இதை நம்பி, நம்மை யாரும் தொட முடியாது என்று மல்லுக்கு நிற்பதுதான் முதல் தவறு.

ஏனென்றால், "பேசியதற்காகப் பிடித்தேன்" என்று எந்த அதிகாரியும் அறிக்கையில் எழுத மாட்டார். அமைதியைக் கெடுத்தார், உத்தரவை மீறினார் என்றுதான் எழுதுவார். அதற்குக் கொஞ்சம் முகாந்திரம், அதாவது குற்றம் நடந்ததாக நம்பப் போதிய காரணம், இருந்தாலே, பேசியதற்காகப் பழிவாங்கினார்கள் என்று நீங்கள் போடும் வழக்கு பெரும்பாலும் படுத்துவிடும். அலாஸ்காவில் ஒரு பனி விளையாட்டு விழாவில் கைதானவர், முன்பு தான் அதிகாரியிடம் பேச மறுத்ததைச் சொல்லி அந்த அதிகாரி குத்திக்காட்டினார் என்றார். அவர்மேல் போட்ட குற்ற வழக்கும் கைவிடப்பட்டது. அப்படியும் 2019இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றுப்போனார். கைதுக்கு முகாந்திரம் இருந்ததாம். எனக்கு இது கடுமையான தீர்ப்பாகத்தான் படுகிறது, ஆனால் சட்டம் இப்போது அதுதான். எனவே வாய் பேசட்டும், கை சும்மா இருக்கட்டும். தள்ளி நிற்கச் சொன்னால், தள்ளி நின்றுகொண்டே கேள்வி கேட்கலாம்.

அதே தீர்ப்பில் ஒரு விலக்கும் உண்டு. மற்றவர்கள் இதையே செய்யும்போது போலீஸ் பொதுவாக யாரையும் கைது செய்வதில்லை என்று காட்டினால், முகாந்திரம் இருந்தாலும் வழக்கு நிற்கும். இதற்கான ஆதாரத்தைத் தேடாமல் விடுவது அடுத்த தவறு. டெக்சாஸின் காஸில் ஹில்ஸ் நகர மன்ற உறுப்பினர் ஒருவர், நகர நிர்வாகத்தை எதிர்த்த மனுவைத் தன் கோப்பில் வைத்திருந்ததற்காக, அரசு ஆவணத்தில் கைவைத்ததாகக் கைதானார். அவர் பத்தாண்டு வழக்குப் பதிவுகளைப் புரட்டி, இப்படி ஒரு செயலுக்கு அங்கே யார்மீதும் வழக்கு போட்டதில்லை என்று காட்டினார். அதைக் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும் என்றது உச்ச நீதிமன்றத்தின் 2024 தீர்ப்பு.

அப்புறம் நேரம். மிச்சிகனில் ஒரு பெண்ணுக்கு அதிகாரி அபராதத்தைக் குறைத்துக் கொடுத்தார். கிளம்பும்போது அந்தப் பெண் நடுவிரலைக் காட்ட, அதிகாரி வண்டியை மறுபடி மறித்துப் பெரிய அபராதமாக மாற்றி எழுதினார். பேச்சுக்கும் பதிலடிக்கும் நடுவே இடைவெளியே இல்லை. 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வழக்கைத் தொடர அனுமதித்தது. எது முதலில், எது பிறகு என்பதை அன்றைக்கே எழுதி வையுங்கள். வீடியோவை வெட்டி ஒட்டாதீர்கள், உங்கள் பதிவையும் அழிக்காதீர்கள்.

"சின்ன அபராதம்தானே, ஒத்துக்கொண்டு கட்டிவிடலாம்" என்பது மிகவும் விலை கூடிய தவறு. குற்றத்தை ஒப்புக்கொண்டால், முகாந்திரம் இருந்தது என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். வக்கீலைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். காலக்கெடுவும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: இந்தச் சிவில் வழக்கைத் தொடுக்க நியூயார்க்கில் மூன்று ஆண்டு, டெக்சாஸில் இரண்டு, டென்னசியில் ஒன்றே ஒன்றுதான்.