ஊடுபால் உரிமைக்கு ஒரு தமிழ்க் குழு: சிங்கப்பூரில் தொடங்கும் முறை

ஆட்களைத் திரட்டுவதற்கு முன்னால் கோரிக்கையை முடிவு செய்துகொள்ளுங்கள். "ஊடுபால் உரிமை வேண்டும்" என்று பொதுவாகச் சொன்னால் தலையாட்டுவார்கள், அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார்கள். இப்படி ஒரு வாக்கியம் இருக்கட்டும்: "உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடி ஆபத்து இல்லாதபோது, குழந்தையின் பிறப்புறுப்பிலும் பாலினச் சுரப்பியிலும் திருப்ப முடியாத அறுவை சிகிச்சை செய்ய வேண்டாம்; பிள்ளை வளர்ந்து தானே முடிவு செய்யட்டும்." மருத்துவருக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் பெரியம்மாவுக்கும் இதே வாக்கியத்தைச் சொல்ல முடியும்.

ஊடுபால் (இன்டர்செக்ஸ்) என்பது குரோமோசோம், பாலினச் சுரப்பி (சூலகம் அல்லது விந்தகம்), ஹார்மோன், பிறப்புறுப்பு ஆகியவற்றில் ஒன்றோ பலவோ ஆண், பெண் என்ற வழக்கமான அமைப்புக்குள் அடங்காமல் பிறப்பது. அது உடலைப் பற்றியது. திருநங்கை, திருநம்பி என்பது ஒருவர் தம்மை யாராக உணர்கிறார் என்பதைப் பற்றியது. இரண்டுமாக இருப்பவர்களும் உண்டு. ஆனால் அழைப்பிதழிலேயே இரண்டையும் கலந்துவிட்டால், பிறந்த குழந்தையோடு தவிக்கும் பெற்றோர் இது தங்களுக்கானது இல்லை என்று ஒதுங்கிவிடுவார்கள். "குறைபாடு" என்று எழுதாமல் "வேறுபாடு" என்று எழுதுங்கள்.

எண்ணிக்கை சொல்லும்போது கவனம் வேண்டும். ஊடுபால் பண்போடு பிறப்பவர்கள் மக்கள்தொகையில் 0.05 முதல் 1.7 விழுக்காடு வரை என்று ஐநா மனித உரிமை அலுவலகம் சொல்கிறது. டர்னர், க்ளைன்ஃபெல்டர் போன்ற குரோமோசோம் எண்ணிக்கை மாறிய நிலைகளையும் லேசான ஹார்மோன் வேறுபாடுகளையும் சேர்த்தால்தான் மேல் எல்லை வரும். துண்டுப்பிரசுரத்தில் 1.7 மட்டும் போட்டால், முதல் சந்திப்பிலேயே ஒரு மருத்துவர் அதை மறுப்பார்; பிறகு நீங்கள் சொல்லும் சரியான தகவலும் எடுபடாது. இரண்டு எண்ணையும் போடுங்கள். சிங்கப்பூர் மக்கள்தொகையால் பெருக்கி ஒரு புது எண்ணை உருவாக்க வேண்டாம்.

எந்தச் சிகிச்சையைத் தள்ளிப்போடலாம், எதைத் தள்ளிப்போடக் கூடாது

பெரும்பாலான குழுக்கள் தடுமாறும் இடம் இது. பேசப்போகிற ஒவ்வொருவரும் இதைத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும்.

சிஏஎச் என்பது சிறுநீரகத்துக்கு மேலுள்ள அட்ரீனல் சுரப்பி பிறவியிலேயே போதிய ஹார்மோன் சுரக்காத நிலை; அதன் கடுமையான வகையில், பிறந்த முதல் சில வாரங்களுக்குள் உடலிலிருந்து உப்பு இழந்து, நீர்ச்சத்து வற்றி, குழந்தை இறந்துபோகலாம். ஹைட்ரோகார்டிசோன், ஃப்ளுட்ரோகார்டிசோன் மருந்துகள் உயிரைக் காக்கின்றன. வாழ்நாள் முழுதும் தேவைப்படும். சிறுநீர் வெளியேற வழியில்லாத குழந்தைக்கும் அறுவை உடனே வேண்டும். இவற்றை யாரும் எதிர்க்கவில்லை என்பதை ஒவ்வொரு கூட்டத்திலும் முதலிலேயே சொல்லுங்கள். சொல்லாவிட்டால், "மருந்து கொடுக்காதே என்கிறார்கள்" என்ற பேச்சு வாட்ஸ்அப்பில் பரவும். அதை நம்பி ஒரு தாய் மருந்தை நிறுத்தினால் பிள்ளையின் உயிருக்கே ஆபத்து.

அதே சிஏஎச் உள்ள பெண் குழந்தையின் பெண்குறிக் காம்பை "அழகுக்காக" சிறிதாக்குவது வேறு விஷயம். அதற்கு அவசரம் கிடையாது. உணர்ச்சி இழப்பு, தழும்பு, திரும்பத் திரும்ப அறுவை, பின்னாளில் வலி என்று விளைவுகள் தொடரலாம். யோனி அமைக்கும் அறுவையும், நின்று சிறுநீர் கழிக்க வேண்டும் என்பதற்காக மட்டும் செய்யும் ஆண்குறி அறுவையும் காத்திருக்கக்கூடியவையே.

சுரப்பியை அகற்றுவதில் ஒரே விதி எல்லோருக்கும் பொருந்தாது. ஆண் தன்மை தரும் ஆண்ட்ரோஜன் ஹார்மோனுக்கு உடல் சற்றும் இசையாத நிலையில் உள்ள பெண்ணுக்கு, பருவம் வரும்வரை புற்றுநோய் ஆபத்து மிகக் குறைவு. சுரப்பியை விட்டுவைத்தால் பருவ வளர்ச்சி தானாக நடக்கும். அகற்றிவிட்டால் வாழ்நாள் முழுதும் ஹார்மோன் மாத்திரை தேவைப்படும். மாத்திரை ஒழுங்காக இல்லாவிட்டால் எலும்பு தேயும். ஸ்வையர் நிலையிலோ (எக்ஸ்ஒய் குரோமோசோமோடு பெண்ணாகப் பிறந்து, பாலினச் சுரப்பி வளராத நிலை) அந்த வளராத சுரப்பியில் கட்டி வரும் ஆபத்து அதிகம் என்பதால் முன்கூட்டியே அகற்றச் சொல்கிறார்கள். ஆகவே "எல்லா அறுவையையும் தடை செய்" என்ற பதாகை தவறானது. அதை எழுத வேண்டாம்.

முன்னுதாரணம் கேட்பார்கள். மால்டா 2015இல் இத்தகைய அறுவைகளைச் சட்டத்தால் தடுத்தது. 2024 ஏப்ரல் 4 அன்று ஐநா மனித உரிமை மன்றம், ஊடுபால் மக்கள் மீதான பாகுபாட்டையும் வன்முறையையும் எதிர்க்கும் தீர்மானத்தை 24 ஆதரவு வாக்குகளோடு ஏற்றது. 23 நாடுகள் வாக்களிக்காமல் விலகின, எதிர்த்து ஒரு வாக்கும் விழவில்லை. ஆனால் நம்மவர்களிடம் அதிகம் எடுபடுவது மதுரைதான். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரல் 22 அன்று அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து, தமிழக அரசு அதே ஆண்டு ஆகஸ்ட்டில் ஊடுபால் குழந்தைகளுக்கான பால் சீரமைப்பு அறுவையைத் தடை செய்தது. உயிருக்கு ஆபத்தான சூழல் மட்டும் விதிவிலக்கு. புதுக்கோட்டையிலும் தஞ்சையிலும் உறவுள்ள குடும்பங்களுக்கு இது அந்நியச் சிந்தனையாகத் தெரியாது.

யார் முன்னே நிற்பது

ஊடுபால் உடலோடு வாழ்பவர்கள் குறைந்தது இருவர் முடிவெடுக்கும் இடத்தில் இல்லாதவரை பொது நிகழ்ச்சி எதையும் நடத்தாதீர்கள். ஒருவரே இருந்தால் எல்லாச் சுமையும் அவர் தலையில் விழும், அவர் விலகினால் குழுவும் கலைந்துவிடும். இன்னும் யாரும் கிடைக்கவில்லையா? பெற்றோரும் தாதியரும் சேர்ந்து படிக்கும் வட்டமாக இருங்கள். ஊடுபால் மக்கள் சார்பில் பேச முற்படாதீர்கள். பாங்காக்கில் 2018இல் உருவான இன்டர்செக்ஸ் ஆசியா அமைப்பின் வழியாகத் தொடர்பு தேடலாம்.

பேச வருபவருக்கு மதிப்பூதியமும் போக்குவரத்துச் செலவும் கொடுங்கள். உடலைப் பற்றிய கேள்விகளைக் கூட்டத்திலிருந்து நேராக அவரிடம் போகவிடாமல், தாளில் எழுதி வாங்கி நடத்துனர் தேர்ந்தெடுத்துக் கேட்கட்டும். படம் எடுக்க அனுமதி வேண்டாம். தமிழர் கூட்டம் என்றால் யாராவது சாந்தி சௌந்தரராஜனைப் பற்றிக் கேட்பது உறுதி. 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வென்ற வெள்ளிப் பதக்கம், பால் சோதனைக்குப் பிறகு அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. அந்தச் செய்தி ஊரெல்லாம் தெரியும்படி ஒளிபரப்பானது. அந்த அவமதிப்பைப் பற்றிப் பேசுங்கள். அவர் உடலில் என்ன இருக்கிறது என்ற ஊகத்துக்கு நடத்துனர் இடம் கொடுக்கக் கூடாது.

குடும்பங்கள் எந்த வாசல் வழியாக வருவார்கள்

"மனித உரிமைக் கருத்தரங்கு" என்று போட்டால் ஏற்கெனவே ஒத்த கருத்துள்ளவர்களே வருவார்கள். "மகள் பெரியவளாவது தாமதமானால்" என்று போடுங்கள். அம்மாக்கள் வருவார்கள், பாட்டிகளும் வருவார்கள். காரணம் எளிது. டர்னர் நிலை, ஸ்வையர் நிலை, கருப்பை வளராத நிலை, ஆண்ட்ரோஜன் இசையாத நிலை போன்றவை பல பெண்களுக்கு மாதவிடாய் வராத வயதில்தான் தெரியவருகின்றன. நம் வீடுகளில் அது தனிப்பட்ட விஷயமாக இருப்பதில்லை. சடங்கு எப்போது என்று உறவுகள் கேட்டுக்கொண்டே இருக்கும். மண்டபம் பார்க்கிற பேச்சே நடக்கும். 15 வயதாகியும் மாதவிடாய் வராவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும் என்பதை இந்தக் கூட்டத்தின் முதல் செய்தியாக வையுங்கள். உறவினருக்கு விளக்கம் சொல்லும் கடமை அந்தப் பெண்ணுக்கு இல்லை என்பது இரண்டாவது. சடங்கு நடத்தாத வீட்டுக்கு எந்தக் குறையும் வந்துவிடாது என்று மூத்த பெண் ஒருவர் வாயால் சொல்ல வைப்பது, மருத்துவர் பேச்சைவிட அதிகம் உதவும்.

புதிதாகப் பிறந்த குழந்தையின் பெற்றோருக்கு வேறு நெருக்கடி. மருத்துவமனை வாசலிலேயே "ஆணா, பெண்ணா?" என்று தொலைபேசி வரும். சிங்கப்பூரில் பிறப்பை 42 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்து, கெடு முடிவதற்குள் அறுவையையும் முடித்துவிட வேண்டும் என்ற தவறான எண்ணத்தைத் தரும். ஆண் என்றோ பெண் என்றோ பதிவதற்கு அறுவை தேவையில்லை. பரிசோதனை முடிவுகளைப் பார்த்து, எதையும் வெட்டாமலே அந்தப் பாலில் வளர்க்கலாம். உறவினரிடம் சொல்ல ஒரு பதிலைப் பெற்றோருக்குக் கொடுங்கள்: "பிள்ளை நல்லா இருக்கு, ரெண்டு மூணு டெஸ்ட் இருக்கு, முடிஞ்சதும் சொல்றோம்."

கேகே மகளிர், சிறார் மருத்துவமனைக்கோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ போகும் குடும்பம் கையில் எடுத்துச் செல்ல, ஏ4 தாளை மடித்து, பெரிய எழுத்தில் இந்தக் கேள்விகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிடுங்கள்:

1. இந்த அறுவையை இப்போது செய்யாவிட்டால் உடல்நலத்துக்கு என்ன ஆகும்? எவ்வளவு காலத்துக்குள்?
2. பிள்ளை தானே சொல்லும் வயது வரை காத்திருந்தால் என்ன இழப்பு?
3. உணர்ச்சி, பிள்ளைப்பேறு, ஹார்மோன் சுரப்பு இவற்றில் எது திரும்பக் கிடைக்காது?
4. அறுவையைப் பற்றி முடிவெடுக்கும் முன் உளவியலாளரையும், இதே நிலையோடு வளர்ந்த ஒருவரையும் சந்திக்க முடியுமா?
5. பரிசோதனை அறையில் யார் யார் இருப்பார்கள்? மாணவர்கள் வேண்டாம், படம் வேண்டாம் என்று சொல்லலாமா?
6. குரோமோசோம் அறிக்கை, அறுவைக் குறிப்பு இவற்றின் நகல் கிடைக்குமா?

ஆறாவதைப் பெற்றோர் பெரும்பாலும் கேட்பதில்லை. இருபது வயதில் தன் உடலுக்கு என்ன நடந்தது என்று தேடும் ஒருவருக்கு அந்தத் தாள்தான் துணை. மகனாக வளர்பவருக்குத் தேசிய சேவைக்கு முந்தைய மருத்துவப் பரிசோதனையின்போது நிபுணரின் கடிதத்தோடு போகவும் அது உதவும். வரிசையில் நின்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இடம், சட்டம், தகவல்

முதல் ஆறு மாதம் எட்டுப் பேருக்குள், அழைத்தவர் மட்டும், ஒன்றரை மணி நேரம், இரண்டு நடத்துனர்கள். உறுப்பினர் வசிக்கும் வட்டாரத்தின் சமூக மன்றமும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளமும் வேண்டாம். யாரோ ஒருவர் பார்த்துவிடுவார். ஊர் தள்ளி ஒரு நூலக அறை நல்லது. கதவில் ஒட்டும் தலைப்பு பொதுவாக இருக்கட்டும்.

சங்கங்கள் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்த அமைப்பு பதிவு செய்துகொள்ள வேண்டும். மனித உரிமை, பாலினம் பற்றிப் பேசும் சங்கத்துக்குத் தானியங்கிப் பதிவு கிடையாது, முழு விண்ணப்பம் தேவை. எனவே பத்தாவது ஆள் வரும் முன்பே அமைப்பு விதிகளை எழுதத் தொடங்குங்கள், அல்லது ஏற்கெனவே பதிவான ஓர் அமைப்பின் கீழ் இயங்குங்கள்.

பொதுமக்களை அழைக்கும் நிகழ்ச்சிக்குப் பொது ஒழுங்குச் சட்டம் பொருந்தும். உள்ளரங்கக் கூட்டத்துக்கு அனுமதி விலக்கு உண்டு. ஆனால் ஏற்பாட்டாளரும் பேச்சாளர் அனைவரும் சிங்கப்பூர்க் குடிமக்களாக இருக்க வேண்டும், ஏற்பாட்டாளர் கடைசிவரை அங்கே இருக்க வேண்டும். மதுரையிலிருந்து காணொளி வழியாக ஒருவர் பேசினாலும் விலக்கு போய்விடும். முன்கூட்டியே போலிஸ் அனுமதி கேளுங்கள். மதத்தைப் பற்றிய பேச்சுக்கும் இதே கதி. யாராவது ஆர்வத்தில் அர்த்தநாரீஸ்வரரைப் பற்றிப் பேசத் தொடங்குவார்; பேச்சாளர்களிடம் முன்பே சொல்லிவையுங்கள். சட்டம் ஒரு பக்கம் இருக்க, தெய்வ உருவத்தோடு ஒப்பிடுவது வலியோடு மருந்து எடுக்கும் மனிதருக்கு ஆறுதல் தருவதில்லை.

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் பதிவு பெறாத குழுவுக்கும் பொருந்தும். அடையாள அட்டை எண் கேட்காதீர்கள். உடல்நிலை விவரத்தை இணையப் படிவத்தில் வாங்காதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எண் மற்றவர்க்குத் தெரியும். புதியவருக்கு அதுவே பயம். வாட்ஸ்அப்பின் ஒலிபரப்புப் பட்டியல் (பிராட்காஸ்ட்) வழியாக அனுப்பினால் எண்கள் தெரியாது, ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்தவருக்கு மட்டுமே செய்தி போகும். முதல் சந்திப்பிலேயே சேமிக்கச் சொல்லுங்கள்.

மருத்துவமனையிலிருந்து கொள்கைக்கு

மருத்துவமனையில் முதலில் மருத்துவ சமூகப் பணியாளரையும் தாதியரையும் பாருங்கள். பெற்றோர் அழும்போது பக்கத்தில் இருப்பவர்கள் அவர்களே. கேட்பது சிறிதாக இருக்கட்டும்: மேலே சொன்ன கேள்வித்தாளை வைத்திருக்க அனுமதி, முடிவெடுக்கும் முன் உளவியல் ஆலோசனை, தமிழ் பேசும் மொழிபெயர்ப்பாளர் (பிள்ளையின் அத்தையை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது). "இப்போது அப்படிச் செய்வதில்லை" என்று பதில் வந்தால் மகிழ்ச்சி சொல்லிவிட்டு, எத்தனை அறுவை, எந்த வயதில் என்ற ஆண்டுக் கணக்கை வெளியிட முடியுமா என்று கேளுங்கள்.

அதே கணக்கைத்தான் அரசிடமும் கேட்க வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்கு ஒரு பக்கத் தாளோடு போங்கள். பத்துப் பேராகப் போகவேண்டாம், அந்தத் தொகுதிவாசி ஒருவர் போதும். சுகாதார அமைச்சிடம் எழுப்ப ஒரு கேள்வியை நீங்களே எழுதிக் கொடுங்கள்: "கடந்த ஐந்து ஆண்டுகளில் 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் பால் பண்பு வேறுபாடு காரணமாகச் செய்யப்பட்ட பிறப்புறுப்பு, சுரப்பி அறுவைகள் எத்தனை? அவற்றுக்கு வழிகாட்டு நெறி உள்ளதா?" நியமன உறுப்பினர்களும் கேள்வி எழுப்பலாம். "தொகுக்கப்படவில்லை" என்ற பதில் வந்தால் சோர்ந்துபோகாதீர்கள். தொகுக்க வேண்டும் என்ற அடுத்த மனுவுக்கு அதுவே ஆதாரம்.

வேலையிட நியாயச் சட்டம் 2025 ஜனவரியில் நிறைவேறியபோது பாதுகாக்கப்பட்ட பண்புகளில் பால் இடம்பெற்றது, பால் பண்பு வேறுபாடு தனியாகச் சொல்லப்படவில்லை. இதைத் தனி மனுவாக வையுங்கள். அறுவைக் கோரிக்கையோடு சேர்த்தால் இரண்டும் வேறுவேறு அமைச்சுகளுக்குப் போய்த் தாமதமாகும்.

சிங்கப்பூர் 1995இல் சிறார் உரிமை உடன்படிக்கையையும் பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கையையும் ஏற்றது. ஒவ்வொரு நாட்டின் மனித உரிமை நிலையையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பார்க்கும் ஐநாவின் அனைத்துலக மறுஆய்வு சிங்கப்பூருக்கு 2011, 2016, 2021 ஆண்டுகளில் நடந்தது. அதற்கு ஓர் அமைப்பு தனியாக அனுப்பும் அறிக்கை 2,815 சொற்களைத் தாண்டக் கூடாது. கூட்டறிக்கை என்றால் 5,630. மீறினால் ஏற்கமாட்டார்கள். தமிழில் எடுத்த வாக்குமூலங்களை ஆங்கிலமாக்கவும், சொன்னவரிடம் திரும்பப் படித்துக் காட்டி ஒப்புதல் வாங்கவும் குறைந்தது இரண்டு மாதம் ஒதுக்குங்கள். பெயர், தொகுதி, பள்ளி, மருத்துவமனை, பிறந்த ஆண்டு எல்லாவற்றையும் நீக்குங்கள். சிறிய ஊரில் சிறிய சமூகம். "யீஷூனில் இருக்கும் ஒரு தமிழ் ஆசிரியை" என்ற அளவு விவரமே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். ஒப்புதலைத் திரும்பப் பெறக் கடைசி நாள் எது என்பதை வாக்குமூலம் எடுக்கும் அன்றே எழுத்தில் கொடுங்கள். அறிக்கை அனுப்பியதும் ஒலிப்பதிவுகளை அழித்துவிடுங்கள்.