மூன்றாம் வரிசையில் முதலில் உட்காருங்கள்

ஏழு பேர் உட்காரும் கார் வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் முதலில் ஓட்டுநர் இருக்கையில் ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பார்ப்பார்கள். விற்பவருக்கும் அதுதான் வசதி. நான் நேராகக் கடைசி வரிசைக்குப் போய்விடுவேன். சிங்கப்பூரில் பத்து வருட சிஓஇ (கார் வைத்துக்கொள்வதற்கான உரிமைச் சான்று) எடுத்துக் கார் வாங்குகிறோம். ஓட்டுகிறவர் எப்படியும் பழகிக்கொள்வார். பின்னால் இருப்பவர்களின் புலம்பலைத்தான் பத்து வருடமும் கேட்க வேண்டும்.

எங்கள் வீட்டில் ஆறு பேர். கணவர் ஆறடி உயரம். மாமியாருக்கு இரண்டு முழங்காலிலும் வலி. மாமனாரை எங்கே உட்கார வைத்தாலும் வாயைத் திறக்க மாட்டார், அதனால் அவர் சொல்வதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எட்டு வயதில் பையன், ஒன்றரை வயதில் பெண். ஈசூனிலிருந்து தேக்காவுக்கும், அவ்வப்போது எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூர் பாருவுக்கும்தான் எங்கள் ஓட்டம். எல்லையைக் கடக்கும் காஸ்வே சாலையில் நெரிசலில் மாட்டிக்கொண்டால் இருக்கையின் தரம் தானாகத் தெரிந்துவிடும்.

விளம்பரத் தாளில் இருக்கும் எண்களை வைத்து இடவசதியை ஒப்பிடாதீர்கள். இந்தக் கார்களில் பெரும்பாலும் நடு வரிசை முன்னும் பின்னும் நகரும். பின்னுக்குத் தள்ளினால் நடுவில் இருப்பவர் கால் மேல் கால் போட்டுக்கொள்ளலாம், முன்னுக்கு இழுத்தால் கடைசி வரிசைக்காரர் நிம்மதியாக இருக்கலாம். ஒரே சமயத்தில் இரண்டும் கிடைக்காது. அதனால் நான் செய்வது இதுதான்: வீட்டிலேயே உயரமானவரை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, அவருக்குத் தோதாக அதைச் சரிசெய்யச் சொல்வேன். அதற்குப் பின்னால் நான் உட்கார்ந்து, முழங்காலுக்கும் முன் இருக்கைக்கும் நடுவே நாலு விரற்கடை இருக்கும்படி நடு வரிசையை நகர்த்துவேன். அப்புறம் அதைத் தொடாமல் மூன்றாம் வரிசையில் ஏறுவேன். அங்கே மிச்சம் இருப்பதுதான் நம் குடும்பத்துக்கு உண்மையில் கிடைக்கும் இடம். எந்தக் காரைப் பார்த்தாலும் இதே ஆட்கள், இதே வரிசை.

குழந்தை இருக்கையைக் கையோடு கொண்டுபோங்கள். இங்கே 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ளவர்களுக்குப் பொருத்தமான குழந்தை இருக்கையோ உயரம் கூட்டும் பூஸ்டரோ கட்டாயம், ஆகவே என் பையனுக்கும் ஒன்று வேண்டும். குழந்தை இருக்கையை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி பெரும்பாலும் நடு வரிசையின் இரண்டு ஓரங்களில்தான் இருக்கும். பின்னோக்கி வைக்கும் இருக்கையாக இருந்தால் அது முன் சீட்டில் இடிக்கும், முன்னால் இருப்பவர் டேஷ்போர்டை நோக்கி நகர வேண்டியிருக்கும். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. குழந்தை இருக்கையை மாட்டிய சீட்டைப் பல கார்களில் மடிக்க முடியாது. மடிக்க முடியாவிட்டால் அந்தப் பக்கமாக மூன்றாம் வரிசைக்கு வழி இல்லை. எங்களுக்கு ஆறு இருக்கை ஹோண்டா ஃப்ரீட் பிடித்ததற்குக் காரணமே நடு வரிசையில் இரண்டு தனிச் சீட்டுகளுக்கு இடையே நடந்து போக வழி இருந்ததுதான்.

சரி, இருக்கைக்கு வருவோம். கால் நீட்ட இடம் இருக்கிறதா என்று எல்லோரும் பார்க்கிறார்கள், தொடை எங்கே படிகிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. மெத்தை குட்டையாகவோ தாழ்வாகவோ இருந்தால் முழங்கால் மேலே ஏறி, உடம்பின் பாரம் முழுவதும் இடுப்பில் இறங்கும். இன்ச் டேப் எடுத்துப் போய் இரண்டே அளவு எடுங்கள்: முதுகிலிருந்து மெத்தையின் முன்விளிம்பு வரை, தரையிலிருந்து அதே முன்விளிம்பு வரை. இரண்டாவது அளவு 30 செ.மீ.க்குக் கீழே போனால் பெரியவர்களை அங்கே உட்காரவைக்க எனக்கு மனம் வராது. மின்சாரக் கார்களில் இதை இன்னும் கவனமாகப் பாருங்கள். பேட்டரி தரைக்கு அடியில் இருப்பதால் பாதம் வைக்கும் இடம் உயர்ந்துவிடலாம். பிஒய்டி எம்6 போன்ற கார்களைப் பார்க்கப் போகும்போது நான் முதலில் கவனிப்பது பாதத்தைத்தான். மேலே கண்ணாடிக் கூரை இருந்தால் தலைக்கு மேல் உள்ள இடத்தையும் பாருங்கள், சில மாடல்களில் அது சில செ.மீ. குறையும்.

மூன்றாம் வரிசை மடியும் விதத்தையும் ஒப்பிடுங்கள். டொயோட்டா சியென்டாவில் அது நடு வரிசைக்கு அடியில் நுழைந்துகொள்ளும். ஃப்ரீடிலும் டொயோட்டா நோவாவிலும் இரண்டு பக்கமும் மேலே தூக்கி மாட்ட வேண்டும், பின்னால் சாமான் வைக்கும் இடத்தின் அகலத்தில் கொஞ்சம் போய்விடும். ஹோண்டா ஸ்டெப்வேகனில் தரைக்குள் இறங்கிவிடும். மடிந்து ஒளிய வேண்டிய சீட்டின் மெத்தை தடிமனாக இருக்க முடியாது, அதையும் மனத்தில் வையுங்கள். எல்லாச் சீட்டையும் நிமிர்த்திவிட்டு ஸ்ட்ரோலரைச் சாமான் வைக்கும் இடத்தில் வைத்துப் பாருங்கள். ஏழு பேரும் உட்கார்ந்திருக்கும்போது பல கார்களில் அது மடிந்துகூட நுழையாது.

ஏறி இறங்குவதை ஷோரூமில் பார்த்தால் போதாது, அங்கே இரண்டு பக்கமும் மைதானம்போல் இருக்கும். இங்குள்ள கார்பார்க்குகளில் ஒரு கட்டத்தின் அளவு வழக்கமாக 2.4 மீட்டர் அகலம், 4.8 மீட்டர் நீளம். டொயோட்டா ஆல்ஃபார்ட் கிட்டத்தட்ட 5 மீட்டர் நீளம், 1.85 மீட்டர் அகலம். உள்ளே அரண்மனைதான், ஆனால் பக்கத்தில் இன்னொரு கார் நின்றால் நமக்கு மிஞ்சுவது ஒடுக்கமான சந்து. ஸ்லைடிங் கதவின் அருமை அப்போது தெரியும். மாமியார் சேலையோடு ஏற வேண்டும் என்பதால் படியின் உயரத்தையும், கைப்பிடி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் பார்த்தேன். வலி அதிகமுள்ள காலை முதலில் தூக்கும்படி இருந்தால் அந்தக் கார் எங்களுக்கு வேண்டாம்.

டெஸ்ட் டிரைவில் கணவர் ஓட்டட்டும், நீங்கள் பின்னால் இருங்கள். மூன்றாம் வரிசை பின்சக்கரங்களுக்கு மேலே இருப்பதால் வேகத்தடையில் தூக்கிப்போடும், நடு வரிசையில் அந்த அளவுக்குத் தெரியாது. வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) வட்டாரத்துச் சாலை ஒன்றில் ஓட்டச் சொல்லுங்கள், விரைவுச்சாலையில் எந்தக் காரும் மெத்தென்றுதான் போகும். ஏர்கான் காற்று கடைசி வரிசை வரை வருகிறதா என்று மதிய வெயிலில் பாருங்கள். துணி உறையா தோல் உறையா என்பது உங்கள் பிள்ளைகள் எவ்வளவு மைலோ சிந்துகிறார்கள் என்பதைப் பொறுத்தது. அதில் நான் தலையிட மாட்டேன்.

ஊபி பக்கம் பழைய கார் பார்க்கப் போனால், ஓட்டுநர் இருக்கையில் கதவுப்பக்க விளிம்பைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஏறி இறங்கி முதலில் அமுங்குவது அந்த இடம்தான். நடு வரிசையைக் கடைசி வரை நகர்த்திப் பாருங்கள், தண்டவாளத்தில் பிஸ்கட் தூள் அடைத்திருந்தால் பாதியில் நின்றுவிடும். மூன்றாம் வரிசை பெல்ட்டை முழுதாக இழுத்து விடுங்கள். அது தானாக உள்ளே போகத் தயங்கினால், பணம் கொடுக்கும் முன்பே அதைச் சரிசெய்து தரச் சொல்லிக் கேளுங்கள்.