அரிசிப் பாத்திரத்தில் வண்டுப் பொறி வைப்பது எப்படி?

சேமித்த அரிசியில் வண்டு கண்ணில் படுவதற்குள் பெரும்பாலும் முட்டைகள் இடப்பட்டிருக்கும். பெண் கூன்வண்டு மணியைத் துளைத்து உள்ளே முட்டையிட்டு, பசை போன்ற பொருளால் துளையை அடைத்துவிடுகிறது. புழுப் பருவமும் கூட்டுப்புழுப் பருவமும் அந்த மணிக்குள்ளேயே கழிவதால், வெளியே வரும் வண்டை மட்டுமே பொறியில் பிடிக்க முடியும். ஆகவே அரிசி வாங்கிய அன்றே பொறியை வைத்துவிடுங்கள்.

கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய குழாய்ப் பொறி வீட்டுக்கு மிகவும் ஏற்றது. அதில் சுற்றிலும் 2 மி.மீ. துளைகளும் மேலே ஒரு மூடியும் அடியில் கழற்றக்கூடிய கூம்பும் இருக்கும். காற்றை நாடி நகரும் வண்டு துளை வழியே நுழைந்து, வழுவழுப்பான சுவரில் ஏற முடியாமல் கூம்பில் விழுந்துவிடும். மருந்து எதுவும் வேண்டியதில்லை.

முதலில் அரிசியைச் சலித்து நொய்யையும் தவிட்டையும் நீக்குங்கள். இல்லையேல் நொய் துளைக்குள் புகுந்து கூம்பை நிரப்பிவிடும். ஈரப்பதம் இருந்தால் நிழலில் உலர்த்துங்கள், கடும் வெயிலில் மணி வெடித்து நொறுங்கும்.

அடுத்து, 25 கிலோ பாத்திரத்துக்கு 2 அல்லது 3 பொறிகள் வீதம், கூம்பு கீழே இருக்கும்படி செங்குத்தாகச் செருகி, மூடி அரிசியின் மேல்மட்டத்தோடு சமமாகும்வரை அழுத்துங்கள்.

வாரம் ஒருமுறையாவது கூம்பைக் கழற்றி வெள்ளைத் தட்டில் கொட்டிப் பாருங்கள். கூன்வண்டு கால்களை மடக்கிக்கொண்டு செத்ததுபோல் கிடக்கும். சற்று நேரத்தில் எழுந்து நடக்கத் தொடங்கும் என்பதால், பார்த்தவுடன் சோப்பு நீரில் போட்டுவிடுங்கள். நீண்ட மூக்கும் முதுகில் செம்மஞ்சள் நிறப் புள்ளிகள் நான்கும் இருந்தால் அது கூன்வண்டு. மூக்கு நீளாமல், தட்டையாகச் செம்பழுப்பு நிறத்தில் இருந்தால் அது மாவு வண்டு; நொய்யிலும் தூளிலும் பெருகுவது அதன் இயல்பு என்பதால் அரிசியை மறுபடி சலிப்பது நல்லது.

முழுப் பயறுக்கு இப்பொறி மட்டும் போதாது. பயறு வண்டு பெரும்பாலும் மேற்பரப்பிலேயே திரிவதால், மேலே புனல் போன்ற வாயும் கீழே குழாயும் சேர்ந்த இருவகைப் பொறியைப் பயன்படுத்துங்கள். மாவில் எந்தக் குழாய்ப் பொறியும் பயன்படாது.

கூன்வண்டு முட்டையிலிருந்து வளர்ந்து வெளிவர வெப்பமான காலத்தில் ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். கடையிலேயே முட்டை ஏறியிருந்த அரிசியாக இருக்கலாம் என்பதால், முதல் சில வாரங்கள் கூம்பு காலியாகவே வந்தாலும் பொறியை வெளியே எடுத்துவிடாதீர்கள்.