பயற்றங்காய் விதையைப் பனிக்காலம் கடத்தி விதை நூலகத்துக்குத் திருப்பிக் கொடுப்பது எப்படி?

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாத இறுதியில் முப்பது பயற்றம் விதைகளை ஊன்றிவிட்டு இரண்டு கிழமை காத்திருந்தேன். ஒன்றுகூடத் தலைகாட்டவில்லை. எல்லாம் நானே எடுத்து, போத்தலில் அடைத்து, உறைபெட்டியில் பத்திரப்படுத்திய விதைகள். அதே விதையில் ஒரு பொட்டலத்தை எங்கள் விதை நூலகத்துக்கும் பெருமையோடு கொடுத்திருந்தேன். பொட்டலத்தில் கொடுத்தவர் பெயரை எழுதும் வழக்கம் அங்கே இல்லாததால் தப்பினேன்.

நான் இருப்பது கனடாவில், டொரன்டோவின் ஸ்காபரோவில். விதை நூலகம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: வசந்தத்தில் விதை எடுத்துச் சென்று விதைப்போம், விளைந்ததில் ஒரு பிடியை இலையுதிர் காலத்தில் திருப்பிக் கொடுப்போம். தண்டப்பணம் கிடையாது. விளையாமல் போனால் யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

எந்த விதை?

பயற்றங்காய், போஞ்சி, தக்காளி, லெட்டூஸ். இவை பெரும்பாலும் தம் பூவுக்குள்ளேயே மகரந்தம் சேர்த்துக்கொள்வதால் அடுத்த தலைமுறையும் தாயைப் போலவே வரும். பூசணி, சுக்கினி பக்கம் முதல் ஆண்டில் போக வேண்டாம். சுக்கினியும் ஹாலோவீனுக்கு வெட்டும் செம்மஞ்சள் பூசணியும் ஒரே இனம். தேனீ இரண்டுக்கும் போய்வரும். அந்த விதையை நட்டால் என்ன காய்க்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வீரிய ஒட்டு ரக விதையையும் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

காயை விட்டுவிடுங்கள்

ஓகஸ்ட் நடுவிலேயே நல்ல கொடியாகப் பார்த்து ஒன்றில் துணி கட்டி வையுங்கள். அதில் கறிக்குப் பறிக்கக் கூடாது. (வீட்டில் மற்றவர்களுக்கும் சொல்லிவையுங்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை விதைக்காய் பொரியலாகிவிட்டது.) காய் பழுப்பாகி, ஆட்டினால் உள்ளே கிலுகிலுக்க வேண்டும். இங்கே முதல் உறைபனி பெரும்பாலும் ஒக்ரோபரில் விழுந்துவிடும். அதற்குள் காயாவிட்டால் கொடியோடு பிடுங்கி வீட்டுக்குள் தலைகீழாகத் தொங்கவிடுங்கள்.

உலர்த்துவது: நான் சறுக்கிய இடம்

நெற்று காய்ந்திருந்ததால் விதையும் காய்ந்துவிட்டது என்று நினைத்தேன். தொட்டால் உலர்ந்துதான் இருந்தது. ஆனால் உள்ளே ஈரம் இருந்திருக்கிறது. உறைபெட்டியில் அந்த ஈரம் பனிக்கட்டியாகி முளையைக் கொன்றுவிட்டது. நன்றாகக் காய்ந்த விதைக்கு உறைபெட்டி எந்தத் தீங்கும் செய்யாது.

நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் விழுந்தால் காயவில்லை. இன்னும் உறுதியாகத் தெரிய ஒரு விதையைச் சுத்தியலால் தட்டுங்கள். காய்ந்தது சில்லாக உடையும். நசுங்கித் தட்டையானால் இன்னும் இரண்டு கிழமை போகட்டும்.

வெயிலிலோ அடுப்பிலோ காயவைக்காதீர்கள். சூடு முளையைக் கெடுக்கும். ஒக்ரோபர் கடைசியில் வீட்டு வெப்பமூட்டி ஓடத் தொடங்கியதும் உள்ளே காற்று எவ்வளவு வறண்டுபோகிறது என்பது உதடு வெடித்த எல்லோருக்கும் தெரியும். அந்த வறட்சியே விதைக்கு மருந்து. மேல்மாடி அலுமாரித் தட்டில் ஒரு தட்டில் பரப்பி மூன்று, நான்கு கிழமை விட்டுவிடுங்கள். நிலக்கீழ் அறை வேண்டாம். ஈரம் அங்கேதான் குடியிருக்கும்.

ஊரில் அம்மா பயற்றம் விதையைச் சாம்பலில் புரட்டிக் கட்டி, குசினிக் கூரையில் புகை படும் இடத்தில் தொங்கவிடுவார். விதையின் ஈரம் ஒரு விழுக்காடு குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரு மடங்காகும், வெப்பநிலை 5 பாகை குறைந்தாலும் அப்படியே என்று ஹாரிங்டன் விதி சொல்கிறது. அம்மா செய்ததில் முதல் பாதி அடங்கியிருந்தது. எனக்கு இரண்டாம் பாதியில் மட்டும்தான் கண் போனது.

தக்காளிக்கு வழி வேறு. விதையைச் சாறோடு ஒரு குவளையில் இரண்டு, மூன்று நாள் புளிக்க விடுங்கள். நாறும், பயப்பட வேண்டாம். அடியில் தங்கிய விதைகளைக் கழுவிப் பீங்கான் தட்டில் காயவையுங்கள். காகிதத் துவாலையில் போட்டால் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும்.

பொட்டலமும் பெயர்ச்சீட்டும்

காகித உறைதான் என் தேர்வு. பிளாஸ்டிக் பை மிச்ச ஈரத்தையும் உள்ளே பூட்டி வைக்கும். பயிர், ரகம், எடுத்த ஆண்டு, ஊர் ஆகிய நான்கையும் பென்சிலால் எழுதுங்கள். பெயர்ச்சீட்டு சின்ன விஷயமில்லை. 2014இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு சிறு நகர நூலகத்தின் விதைச் சேகரிப்பு, பெயர்ச்சீட்டும் சோதனையும் கேட்கும் வணிக விதைச் சட்டத்துக்குள் வருகிறது என்று வேளாண்துறை குறுக்கிட்டுப் பெரிய சர்ச்சையானது.

கொடுப்பதற்கு முன் பத்து விதைகளை ஈரத் துவாலையில் சுருட்டிச் சூடான இடத்தில் வையுங்கள். பத்து நாளில் குறைந்தது ஏழு முளைத்தால் கொடுக்கலாம். இதை அன்றே செய்திருந்தால் மேலே சொன்ன அவமானம் நேர்ந்திருக்காது.

தோட்டத்துக்கு

உதிர்ந்த மேப்பிள் இலைகளை எறியாமல் பாத்தியில் பரப்புங்கள். வெளிக்குழாயை மூடி நீரை வடித்துவிடுங்கள். ஒக்ரோபர் நடுவில் உள்ளிப் பல்லை 5 செ.மீ. ஆழத்தில், 15 செ.மீ. இடைவெளியில், கூர்முனை மேலே இருக்க ஊன்றி வைக்கோலால் மூடினால் ஜூலையில் கிழங்கு எடுக்கலாம். உள்ளியை உழவர் சந்தையில் வாங்குங்கள். பேரங்காடி உள்ளி இந்தக் குளிருக்கு ஏற்ற ரகமா என்பது நிச்சயமில்லை.

பின்குறிப்பு 1: உறைபெட்டியிலிருந்து எடுத்த போத்தலை உடனே திறந்ததால் விதையெல்லாம் வியர்த்துவிட்டது என்று ஒருவர் எழுதியிருந்தார். எழுத மறந்தது என் பிழை. போத்தலை மூடியபடியே ஓர் இரவு வெளியில் வைத்து, அறைச் சூட்டுக்கு வந்தபின் திறக்க வேண்டும்.

பின்குறிப்பு 2: பயற்றம் விதையில் வண்டு துளை போடுகிறதா? சுத்தியல் சோதனையில் தேறிய விதையை இறுக மூடிய போத்தலில் ஒரு கிழமை உறைபெட்டியில் வையுங்கள். வண்டும் அதன் முட்டையும் செத்துவிடும். ஏற்கெனவே துளை விழுந்த விதைகளை மட்டும் பொறுக்கி எறிந்துவிடுங்கள், நூலகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.