கடைசி வரை சேர்ந்து வாழ நினைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கல்யாணப் பெண்ணுக்குப் பெரியவர்கள் சொல்லும் புத்திமதி பெரும்பாலும் ஒன்றுதான்: "அனுசரிச்சுப் போம்மா." மாப்பிள்ளையிடம் இதைச் சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை. தவறு இங்கேயே ஆரம்பிக்கிறது. பொறுத்துப் போவதுதான் தாம்பத்தியம் என்று ஒருத்தி தலையில் மட்டும் சுமையை ஏற்றிவிடுகிறோம். முப்பது வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தும், தட்டை வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் நகர்ந்துவிடும் தம்பதிகள் எல்லாத் தெருவிலும் உண்டு. அதை நீடித்த உறவு என்று என்னால் சொல்ல முடியாது.

அடி உதை, பொறுத்துப் போகிற கணக்கிலேயே வராது. 2005-ல் இயற்றிய குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006 முதல் நடைமுறையில் இருக்கிறது. 181 என்ற எண்ணில் உதவி கேட்கலாம். நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. "குடும்பம்னா அப்படித்தான்" என்று சொல்லி அனுப்புகிற உறவினர் இதையும் சேர்த்துச் சொல்லலாம்.

அடுத்தது கடன். என்னைக் கேட்டால், கள்ளத் தொடர்பைவிட அதிகம் குடும்பத்தை அரிப்பது மறைத்து வாங்கிய கடன்தான். மனைவி கழற்றி வைத்த செயினை அடகு வைத்து நண்பனுக்குப் பணம் புரட்டிக் கொடுத்திருப்பார் கணவர். மீட்க முடியாது. ஏல நோட்டீஸ் வீட்டு முகவரிக்குத்தான் வரும். தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கிப் பிரிப்பவள் அவள். அம்மா வீட்டில் போட்ட செயின் போனது ஒரு வலி. அந்த நண்பனுக்கும் அவன் மனைவிக்கும் தெரிந்த விஷயம் தனக்கு மட்டும் தெரியவில்லையே என்பது அதைவிடப் பெரிய வலி. மனைவிமாரும் சளைத்தவர்கள் இல்லை. குழுக் கடனைத் தங்கைக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, வாரத் தவணைக்கு மளிகைக் காசில் கை வைப்பார்கள். மாதம் ஒரு நாள், சம்பளம் வந்ததும், அடகு ரசீது, குழு அட்டை, சீட்டுப் பணம், வண்டித் தவணை எல்லாவற்றையும் பாயில் பரப்பி இருவரும் சேர்ந்து பாருங்கள். முதல் மாதம் சண்டை வரும். வரட்டும்.

"ஒரு குழந்தை பொறந்தா எல்லாம் சரியாயிடும்" என்பதை நம்பவே வேண்டாம். தூக்கமில்லாத இரண்டு பேரின் சண்டை குறையாது.

சின்னச் சின்னப் பிணக்கையும் உடனே அம்மாவுக்கு போன் போட்டுச் சொல்வது இன்னொன்று. நீங்கள் மறுநாளே சேர்ந்து சினிமாவுக்குப் போய்விடுவீர்கள். அம்மா இரண்டு வருடம் கழித்து, காதுகுத்து வீட்டில், பத்துப் பேர் நடுவில் அதை எடுப்பார்.

இந்த இரண்டு மாவட்டங்களுக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. வேலை பெங்களூரில், வீடு ஊரில். அல்லது ஒருவருக்கு ஓசூர் சிப்காட்டில் நைட் ஷிப்ட், மற்றவருக்குப் பகல் வேலை. தூரத்தால் மட்டும் உறவு கெடுவதில்லை. சனிக்கிழமை இரவு பஸ் இறங்குபவரிடம் வாரம் முழுக்கச் சேர்த்த குறைகளை ஒரே மூச்சில் கொட்டுவதும், அவர் ஞாயிறு முழுவதையும் நண்பர்களுக்கும் செல்போனுக்கும் கொடுத்துவிட்டுத் திங்கள் விடியற்காலை கிளம்பிவிடுவதும்தான் கெடுக்கின்றன. "சாப்டியா?" என்று கேட்டுவிட்டு போனை வைப்பதைப் பேச்சில் சேர்க்க முடியாது. வீட்டில் என்ன ரிப்பேர், பிள்ளை பள்ளியில் என்ன சொன்னார்கள், மேஸ்திரி கூலி கொடுத்தாரா என்பதெல்லாம் வாரநாளிலேயே பேசிவிட வேண்டியவை.

"அப்பா அம்மாவை யார் பாத்துப்பாங்க?" என்று மனைவியை ஊரிலேயே விட்டுப் போவதும் இங்கே சகஜம். அவளைக் கேட்டு முடிவு செய்திருந்தால் அதில் தப்பில்லை. பெரும்பாலும் கேட்பதில்லை. கேட்டாலும் கெடு சொல்வதில்லை. அடுத்த மாங்காய் சீசன் வரைக்குமா, பிள்ளை பள்ளியில் சேரும் வரைக்குமா என்று கிளம்புவதற்கு முன்பே, உங்கள் பெற்றோரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பேசி முடியுங்கள்.