தெரிந்த கேள்வியில்தான் மார்க் போகிறது: மருத்துவ உரிமத் தேர்வு ரிவிஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உரிமத் தேர்வுக்காக அனாட்டமியையும் ஃபிசியாலஜியையும் கையில் எடுப்பவர்கள் அவற்றை முதல் தடவையாகப் படிப்பதில்லை. சிக்கலே அதுதான். பக்கத்தைத் திறந்ததும் எல்லாம் பழகிய முகமாகத் தெரியும். ‘இது தெரியுமே’ என்று கை தானாக அடுத்த பக்கத்துக்குப் போய்விடும்.

பார்த்தால் தெரிவது வேறு, கேட்டால் சொல்ல வருவது வேறு. புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத்தாளில் சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டும் அலகான ஒரு நெஃப்ரானை வரைந்து, சிறுநீரைப் பெருக்கும் மருந்துகள் அதில் எங்கே வேலை செய்கின்றன என்று குறித்துப் பாருங்கள். ஹென்லே வளைவின் தடித்த ஏறு பகுதியில் ஃபியூரோசமைடு, டிஸ்டல் குழலில் தயசைடு. இவ்வளவும் மளமளவென்று வந்துவிடும். சரி, கால்சியம்? பேனா அங்கே நிற்கும். ஃபியூரோசமைடு கால்சியத்தைச் சிறுநீரில் விடும், தயசைடு உடம்பில் நிறுத்திக்கொள்ளும். பலர் இதைத் தலைகீழாக எழுதிவிடுவார்கள். தடித்த ஏறு பகுதியில் குழலின் உட்புறம் பாசிட்டிவாக இருப்பதால்தான் கால்சியம் செல்களுக்கு இடையே புகுந்து ரத்தத்துக்குத் திரும்புகிறது. ஃபியூரோசமைடு அந்த மின்வேறுபாட்டையே குலைத்துவிடுகிறது. இந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டால் குழப்பம் வராது. சிறுநீரில் கால்சியம் அதிகமாகப் போய் அடிக்கடி கல் வருகிறவருக்கு ஏன் தயசைடு தருகிறார்கள் என்பதற்குத் தனியாக மனப்பாடமும் வேண்டாம்.

திரும்பத் திரும்ப வாசிப்பது நிறைவைத் தரும் என்பதை மறுக்கவில்லை. 2006-இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் வெளியிட்ட ஆய்வில், 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பார்க்காமல் எழுதிப் பழகியவர்கள் முந்திவிட்டார்கள். தேர்வு 5 நிமிடத்தில் வருவதில்லையே.

அடுத்தது அறிகுறியையும் விடையையும் ஜோடி போட்டுப் படிப்பது. ‘மணிக்கட்டு தொங்கினால் ரேடியல் நரம்பு’ என்று ஃபிளாஷ்கார்டில் இருக்கும். கேள்வியில் அந்த வார்த்தையே வராது. மேல்கை எலும்பு நடுத்தண்டில் முறிந்தவர், முழங்கையை நன்றாக நீட்டுகிறார், மணிக்கட்டைத் தூக்க முடியவில்லை என்று வரும். ‘ரேடியல் என்றால் முழங்கையை நீட்டும் டிரைசெப்ஸ் தசையும் போயிருக்க வேண்டுமே’ என்று தயங்கி வேறு நரம்பைக் குறித்துவிட்டு வருவோம். டிரைசெப்ஸுக்கான கிளைகள் பெரும்பாலும் முறிவுக்கு மேலேயே பிரிந்துவிடுகின்றன என்பதைத்தான் கேள்வி சோதித்தது. நரம்பின் பாதையை விரலால் தன் கைமீதே ஒருமுறை தடவிப் பார்ப்பது, என் கணக்கில், பத்து கார்டுக்குச் சமம்.

முதலெழுத்துகளை வைத்து வாக்கியமாக்கி நினைவில் வைக்கும் நெமோனிக் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாக்கியம் நினைவிருந்து, எழுத்துகள் எதைக் குறிக்கின்றன என்பது மறந்துபோனால் பயனில்லை. நான்கு புத்தகங்களை அடுக்கிவைத்துக்கொள்வதும் அப்படித்தான்.

பயோஸ்டாட்டிஸ்டிக்ஸை, அதாவது மருத்துவப் புள்ளியியலை, கடைசி வாரத்துக்குத் தள்ளுவது மட்டும் உண்மையிலேயே வயிற்றெரிச்சல். ஃபார்முலாவை ஒப்பிப்பார்கள், எண்களைக் கொடுத்தால் திணறுவார்கள். ஒரு டெஸ்டுக்குச் சென்சிட்டிவிட்டி (நோய் உள்ளவர்களில் பாசிட்டிவ் வரும் விகிதம்), ஸ்பெசிஃபிசிட்டி (நோய் இல்லாதவர்களில் நெகட்டிவ் வரும் விகிதம்) இரண்டுமே 90 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1000 பேரில் 10 பேருக்கு நோய் இருந்தால் அவர்களில் 9 பேருக்குப் பாசிட்டிவ் வரும். நோய் இல்லாத 990 பேரில் 99 பேருக்கும் பாசிட்டிவ் வரும். ஆக 108 பாசிட்டிவில் உண்மையான நோயாளி 9 பேர், சுமார் 8 சதவீதம். அதே டெஸ்டை, பாதிப் பேருக்கு நோய் இருக்கும் 1000 பேர் கூட்டத்தில் செய்தால் 500 பாசிட்டிவில் 450 பேர் நோயாளிகள், அதாவது 90 சதவீதம். டெஸ்ட் மாறவில்லை, கூட்டம்தான் மாறியது. இந்தக் கணக்கைக் கட்டம் வரைந்து கையால் நாலு தடவை போட்டவருக்கு ஃபார்முலா தேவைப்படாது.

கேள்வி வங்கியை ‘எல்லாம் படித்து முடித்த பிறகு’ என்று பூட்டி வைப்பவர்களும் உண்டு. அந்த ‘பிறகு’ வருவதே இல்லை. தொடங்கியவர்களும் தப்பான பதில்களுக்கு மட்டும்தான் விளக்கம் படிக்கிறார்கள். இரண்டு விடைகளுக்கிடையே ஊசலாடி, குருட்டாம்போக்கில் சரியாகக் குறித்த கேள்விக்குப் பச்சை டிக் விழுந்ததும் நிம்மதியாகக் கடந்துவிடுகிறார்கள். விடையைக் குறிக்கும்போதே, சந்தேகமுள்ள கேள்வியின் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். டிக்கோ தப்போ, மாலையில் முதலில் திறக்க வேண்டியது அந்தப் புள்ளி வைத்தவற்றைத்தான்.